தறப்பாளும் தத்துவமும்

சக்கரங்களின் மேல் வீடு கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது இன்று ஒரு நாகரிகமாகியிருக்கிறது. சிறு லொறி ஒன்றின் முதுகில் ஓர் அறை. அறைக்குள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. கூரையின் மேல் சூரிய ஒளியில் மின்சாரம் தரும் தகடு. பனிக்காலத்தையும் அதற்குள்ளேயே கழிப்பதாயின் சுவருக்குள் எதை அடைத்தால் குளிர் புகாது, உறங்குவோரின் மூச்சு உட்புறத் தகட்டில் நீராகி வடிவதை எவ்வாறு தடுக்கலாம், தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காதிருக்க என்ன செய்யலாம் என்றெல்லாம் மேல்நாட்டார் மிக நுணுக்கமாக ஆராய்கின்றனர். ஒவ்வோர் ஆண்டும் வண்டியில் ஏதேனும் ஒரு திருத்தம் செய்து மகிழ்கின்றனர். இலங்கையிலும் இத்தகைய வண்டிகள் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்குக் கிடைக்கின்றன. தம் பணத்தில், தம் விருப்பத்தால் ஊர் சுற்றுவோரிடம் நமக்குப் பகையில்லை. உலகத்தைப் பார்க்க விரும்பும் மனிதன் போற்றத்தக்கவனே.

ஆனால், யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு இந்தக் கலை புதிதன்று. வண்டியில் குடும்பம் நடத்துவது எப்படி, மாரிகாலத்தைத் தறப்பாளின் கீழ்க் கழிப்பது எப்படி, முதல் மழையில் கற்ற பாடத்தைக் கொண்டு அடுத்த மழைக்குள் கூரையைத் திருத்துவது எப்படி என்னும் வித்தையை அவர்கள் விரும்பிக் கற்கவில்லை. யுத்தம் அதனை அவர்கள் மேல் திணித்தது. கட்டணமாக வீட்டையும் வயலையும் கிணற்றையும் பறித்துக்கொண்டது.

இந்த வித்தையைப் பற்றி நம்மிடையே ஒரு புகழ்மொழி உலவுகிறது. 'தாங்கும் திறன்' என்கிறார்கள். 'மீண்டெழும் ஆற்றல்' என்கிறார்கள். உதவி நிறுவனங்களின் அறிக்கைகளில் அது அச்சாகிறது. அரசியல்வாதிகளின் மேடைப் பேச்சில் அது முழங்குகிறது. புலம்பெயர்ந்த நாடுகளின் விழா மலர்களில் அது கவிதையாகிறது. 'எத்துணை இடர் வந்தாலும் எம் மக்கள் சமாளிப்பார்கள்' என்று கண் கலங்கச் சொல்லிவிட்டு, சொன்னவர்கள் ஓட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொள்கிறார்கள். இப்புகழ்மொழி மக்களுக்குச் செய்யும் மரியாதை என்று நம்மில் பலர் நம்புகின்றனர். அது மரியாதையின் உடையில் வரும் ஏமாற்று என்பதே நமது வாதம். ஒருவனுக்குக் கொடுக்க வேண்டிய கடனைக் கொடாமல், அவன் பட்டினி கிடக்கும் அழகை வியந்து பாராட்டும் கடன்காரனின் தந்திரத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

சக்கர வீட்டில் இரு வகை உண்டு என்பதை அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் ஸ்டைன்பெக்கின் இரு நூல்கள் தெளிவாகக் காட்டுகின்றன. 1939-இல் வெளிவந்த 'த கிரேப்ஸ் ஒஃப் ராத்' என்னும் நாவலில், ஒக்லகோமா மாநிலத்தில் வறட்சியாலும் வங்கிகளின் பேராசையாலும் நிலத்தை இழந்த ஜோட் குடும்பத்தார் பழைய ஹட்சன் கார் ஒன்றின் பின்பகுதியை வெட்டி லொறியாக்குகின்றனர். பாட்டன், பாட்டி, கர்ப்பிணிப் பெண், குழந்தைகள் அனைவரும் அதில் ஏறிக் கலிபோர்னியாவுக்குப் போகின்றனர். தெருவோரமே அவர்களின் படுக்கை, தறப்பாளே கூரை. கதையின் முடிவில் குளிர்கால மழை இறங்குகிறது. பருத்தி பறிக்கும் கூலிகளாக அவர்கள் தங்கியிருந்த கைவிடப்பட்ட புகையிரதப் பெட்டிக்குள்ளும் வெள்ளம் புகுந்துவிடுகிறது.

இருபத்தோர் ஆண்டுகளின் பின், 1960-இல், அதே ஸ்டைன்பெக் தமக்கென ஒரு புதிய லொறியையும் அதன் மேற் பொருத்திய வசதியான அறையையும் செய்வித்தார். டொன் கிஹோட்டேயின் குதிரைப் பெயரான றொசினாந்தே என்பதை அதற்கு இட்டார். சார்லி என்னும் நாயை உடன் அழைத்துக்கொண்டு தம் நாட்டைச் சுற்றிவந்தார். அந்தப் பயணத்தைப் பற்றிய 'ட்ராவல்ஸ் வித் சார்லி' 1962-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வண்டி சலினாஸ் நகரில் அவர் பெயரால் அமைந்த நிலையத்தில் பேணப்படுகிறது.

இரண்டும் லொறிகள்தாம். இரண்டிலும் மனிதர் உண்டனர், உறங்கினர். பயணம் முடிந்ததும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு உரியவனுக்கு ஒரு முற்றம் இருக்கிறதா என்பதே வேற்றுமை. ஸ்டைன்பெக்குக்குக் கடற்கரையோரத்தில் வீடு இருந்தது. ஜோட் குடும்பத்துக்கோ வண்டியை நிறுத்துமிடமெல்லாம் பொலிஸ்காரனின் தடி இருந்தது. முன்னையது உல்லாசம், பின்னையது வெளியேற்றம். உல்லாசத்துக்குரிய சொற்களை வெளியேற்றத்தின் மேல் போர்த்தும்போது பொய் பிறக்கிறது.

இந்தப் பொய் பழங்கதையும் அன்று. 2008-இல் அமெரிக்காவை உலுக்கிய பொருளாதார நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர் வண்டிகளில் குடியேறினர். அமேசான் நிறுவனம் அத்தகையோரை நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய வேலைநெருக்கடிக் காலத்தில் தன் களஞ்சியங்களில் அமர்த்துவதற்கென்றே அந்த ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கிப் பல்லாண்டு நடத்தியது. ஓய்வூதிய வயதில் சீமெந்துத் தரையில் நாள் முழுதும் நடந்து பொதி சுமந்த அவர்களது வாழ்வை ஜெசிக்கா புரூடர் 2017-இல் நூலாக எழுதினார். அவர்களைக் குறித்தும் 'சுதந்திரப் பறவைகள்' என்ற புகழ்மொழிக்குக் குறைவிருக்கவில்லை. வாடகை கொடுக்க வழியற்றவனைச் சுதந்திரப் பறவை என்று அழைப்பதால் முதலாளிக்குச் செலவு ஏதுமில்லை!

இனி நமது மண்ணுக்கு வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் குன்றில்லை, வற்றாத ஆறில்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள சில வாரங்களிலேயே வாடைக்காற்றோடு கொட்டித் தீர்த்துவிடும். தாழ்ந்த நிலங்கள் குளமாகும். உழவனுக்கு அது வாழ்வு; கூரையற்றவனுக்கு அது தண்டனை. வரலாறு நம்மை வண்டியில் ஏற்றியதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

1995 ஒக்டோபர் 17-இல் இராணுவத்தின் 'ரிவிரெச' நடவடிக்கை வலிகாமத்தை நோக்கித் தொடங்கியது. ஒக்டோபர் 30 மாலை, வலிகாமம் முழுவதும் உடனே வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். முன்னே வந்தது ஓர் ஆயுதம்; பின்னே நின்று துரத்தியது இன்னோர் ஆயுதம். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஓரிரவில் செம்மணி வெளியூடாக, நாவற்குழிப் பாலத்தின் குறுகிய வழியால், தென்மராட்சியை நோக்கி நகர்ந்தனர். மழை பெய்தது. குடிக்கத் தண்ணீரின்றி விரித்த குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீரை ஏந்திக் குடித்தனர். நகருவதற்கு இடமின்றி வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன.

அந்த வண்டிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1990 முதல் நடைமுறையிலிருந்த பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோலும் டீசலும் அரிதாகியிருந்தன. மின்சாரம் இல்லை. அந்நிலையில் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை நம் திருத்துநர்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கினர். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் எண்ணெயும் இட்டுத் திரி கொளுத்தி மாணவர் படித்தனர். உலகத்தின் எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியும் பெருமைப்படத்தக்க திறமை இது. இதனை நாம் குறைத்துப் பேசவில்லை. குறைத்துப் பேசுவோர் உழைக்கும் மக்களின் கைகளை அறியாதவர்.

தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தோரில் சிலர் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மடங்களிலும் ஒதுங்கினர். இடங் கிடையாதோர் மரத்தடியில் நின்றனர். உழவு இயந்திரப் பெட்டியில் வந்தவருக்கு அந்தப் பெட்டியே வீடாயிற்று. இயந்திரத்தைக் கழற்றினால் பெட்டியின் முன்புறம் கவிழும். ஆகவே முதலில் மரக்குற்றி கொடுத்து மட்டம் பார்க்க வேண்டும். பக்கப் பலகைகளின் மூலைகளில் நான்கு கம்புகள், நடுவே ஒரு முகட்டுத்தடி, அதன் மேல் தறப்பாள். முகடு தாழ்ந்தால் மழைநீர் தேங்கித் தறப்பாள் தொய்ந்து கிழியும். உயர்ந்தால் வாடைக்காற்று பிய்த்துக்கொண்டு போகும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க ஒரு குடும்பம் எத்தனை இரவுகள் நனைந்திருக்கும்? தறப்பாள் இல்லாதவர் உரப்பைகளைப் பிரித்துத் தைத்துப் போர்த்தினர். பெட்டியின் அடியில் காற்று மறைத்து அடுப்பு. சுற்றிவர மண்வெட்டியால் ஒரு வாய்க்கால். மேலே குழந்தைகளும் முதியோரும். கீழே சாக்கு விரித்துப் பெரியவர்கள்.

மேல்நாட்டு வண்டிக்காரர் கவலைப்படும் அதே ஈரம் இங்கும் உண்டு. பிளாஸ்டிக் விரிப்பின் உட்புறத்தில் மூச்சு நீராகி விடியற்காலையில் உறங்குவோர் முகத்தில் சொட்டும். குழந்தைக்கு இருமல் வரும். ஆனால் அவர்களது வண்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கதவு இங்கு இல்லை. அது கழிப்பறையின் கதவு. கம்பாலும் கயிற்றாலும் எத்தனையோ வசதிகளைச் செய்துகொண்ட மக்களால் இதனைச் செய்துகொள்ள முடியவில்லை. பெண்கள் இருட்டும்வரை காத்திருந்தனர். வயிறு நிறைய உண்ணவும் தண்ணீர் குடிக்கவும் அஞ்சினர். 'மீண்டெழும் ஆற்றல்' என்னும் மகுடத்தைச் சூட்ட வருவோர் முதலில் இந்தப் பெண்களிடம் போய் அதைச் சொல்லட்டும்.

வண்டியிலும் வர்க்கம் உண்டு என்பதை மறக்கலாகாது. சொந்த லொறியோ உழவு இயந்திரமோ உடையவர் அலுமாரியையும் தையல் இயந்திரத்தையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனார். பணமுள்ளவர் வாடகைக்குப் பிடித்தார். சைக்கிள் உடையவர் கரியரில் கட்டியதைக் கொண்டுபோனார். கூலித் தொழிலாளி தலையிலும் இடுப்பிலும் சுமக்கக் கூடியதோடு நடந்தார். ஒரே இரவு, ஒரே மழை, ஒரே பாலம். ஆயினும் எல்லாருக்கும் ஒரே இடப்பெயர்வு அன்று. பின்னாளில் 'நாம் எல்லோரும் துன்பப்பட்டோம்' என்று பொதுவாகப் பேசியபோது, யார் எதனுடன் போனார், யார் எதற்குத் திரும்பினார் என்ற கேள்வி மறைக்கப்பட்டுவிட்டது. 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்கு வந்தபின் பெருந்தொகையினர் வலிகாமத்துக்குத் திரும்பினர். வேறு பலர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குப் போய், அங்கே மலேரியாக் காய்ச்சலோடு அடுத்த மாரியைச் சந்தித்தனர்.

இன்னொரு ஒக்டோபர் 30-உம் நமது வரலாற்றில் உண்டு. அதைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்பவன் நேர்மையாளன் அல்லன். 1990 ஒக்டோபர் 30-இல் யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அந்நாட்களில் வட மாகாணத்தை விட்டுத் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுக்கு வண்டியில் சாமான் ஏற்றும் உரிமைகூட மறுக்கப்பட்டது. பணமும் நகையும் பறிக்கப்பட்டன. அவர்களும் மாரி தொடங்கிய வேளையிலேயே போனார்கள். புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களை அமைத்து, ஆண்டுதோறும் கிடுகு மாற்றி, ஒரு தலைமுறையை அங்கேயே வளர்த்தார்கள். நமது அயலவரை நமது பெயரால் துரத்தியபோது யாழ்ப்பாணத்தின் பெரும்பான்மை வாய்மூடி நின்றது. ஐந்தாண்டுகள் கழித்து அதே தேதியில் நாமும் தெருவில் நின்றோம். இதை விதி என்று சொல்லி ஆறுதல் தேடுவது வீண். மக்களைப் பெட்டியில் ஏற்றக்கூடிய சரக்காக எண்ணும் அதிகாரம், இன்று ஒருவனை ஏற்றினால் நாளை மற்றவனையும் ஏற்றும் என்பதே இதன் பாடம்.

இப்போது நம் வாதத்தின் மையத்துக்கு வருகிறோம். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது, வன்னியிலிருந்து வந்தோரில் பெரும்பகுதியினர் வவுனியாவுக்கு அருகே மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களில் 1995-இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர்களும் இருந்தனர். கடைசி இரண்டாண்டுகளில் அவர்கள் தம் வீட்டு ஓட்டையும் தகரத்தையும் கதவையும் நிலையையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றி, இடத்துக்கு இடம் கட்டிக் கழற்றிக் கட்டி, இறுதியில் ஒன்றுமின்றி வந்தவர்கள். முகாமின் பகுதிகளுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெயர். தமிழ்ப் பெருமக்களின் பெயர்ப் பலகையைத் தாங்கிய முட்கம்பி! 2009 ஆகஸ்டில் ஒரு மழை பெய்தது. கூடாரங்களுக்குள் வெள்ளமும் கழிவும் புகுந்தன. மாரி இன்னும் வரவேயில்லை.

அப்பொழுது எழுந்த கேள்வி நமது காலத்துக்கே உரிய கேள்வி. மாரிக்கு முன் என்ன செய்வது? வடிகாலை ஆழமாக்குவதா, கூடாரத்தின் தரையை உயர்த்துவதா, விரிப்பை மாற்றுவதா? அல்லது வாயிற் கதவைத் திறந்துவிடுவதா? வல்லுநர்கள் வரைபடங்களை விரித்தனர். வடிகாலும் வேண்டியதுதான், வெள்ளத்துக்குள் கிடக்கும் குழந்தை அரசியல் தீர்வுக்காகக் காத்திராது. எனினும், தம் மண்ணில் கிணறும் மேடும் உடைய மனிதரைத் தாழ்நிலத்தில் அடைத்து வைத்துவிட்டு அவர்களது கூடாரத்தை எப்படித் திருத்துவது என்று ஆராய்வது எத்தகைய விஞ்ஞானம்? வெள்ளத்துக்குக் காரணம் மழை மட்டுமா? முட்கம்பியும் அல்லவா? 2009 டிசெம்பரில்தான் முகாமுக்கு வெளியே சென்றுவர மக்களுக்கு அனுமதி கிடைத்தது. முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அதற்குள் மூன்று மாரிகள் கடந்துவிட்டன.

மூன்று மாரிகள் அதிகம் என்று எண்ணுவோர் வலிகாமம் வடக்கைப் பார்க்கட்டும். 1990 ஜூனில் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, கட்டுவன் முதலிய ஊர்களின் மக்கள் ஓடினார்கள். சில நாட்களில் திரும்பலாம் என்று கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் அவர்களது நிலம் மூடப்பட்டது. 2013-இல் ஏறத்தாழ 6,380 ஏக்கரைச் சட்டப்படி சுவீகரிக்கப் போவதாக அரசு அறிவித்தல் ஒட்டியது. மக்கள் வழக்குத் தொடுத்தனர், வீதியில் இறங்கினர். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலை 3-இல்தான் விடுவிக்கப்பட்டது. பறிக்கப்பட்ட நிலத்தில் ஒரு பகுதி இன்னும் திருப்பித் தரப்படவில்லை.

இடைப்பட்ட கால் நூற்றாண்டு முழுவதும் கோணப்புலம், மல்லாகம், சுன்னாகம் முகாம்களில் ஒவ்வொரு புரட்டாதியிலும் ஒரே வேலை. தகரத்தின் ஓட்டையை அடை, கிடுகை மாற்று, தரைக்கு மண் போடு, வாய்க்காலை வெட்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு சிறு கொட்டில். 1990-இல் பத்து வயதுச் சிறுமியாக வந்தவள் 2015-இல் முப்பத்தைந்து வயதுத் தாய். அவளது பிள்ளையும் அதே வாய்க்காலை வெட்டியது. 'தற்காலிக இருப்பிடம்' என்று அலுவலகப் பதிவேடு சொல்லிற்று. எத்தனை மாரி கழிந்தால் தற்காலிகம் என்ற சொல் பொய்யாகும் என்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் விடை சொல்லவில்லை.

அந்த முகாம்களில் இறுதிவரை எஞ்சியவர் யார்? வெளிநாட்டில் பிள்ளை உள்ளவர் போய்விட்டார். உறவினர் வளவில் இடம் பெற்றவர் போய்விட்டார். சேமிப்பு உள்ளவர் காணி வாங்கினார். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளரும் மீனவரும் சாதியால் ஒடுக்கப்பட்டோருமே. இங்கே நமது சமுதாயம் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். நிலம் விடுவிக்கப்பட்டபோது அது உறுதிப்பத்திரம் உடையவரிடம் போயிற்று, அது நியாயமே. ஆனால் 1990-க்கு முன் பிறர் காணியில் குடியிருந்தவருக்கு எந்த உறுதி? முகாமில் பிறந்து முகாமில் மணம் முடித்த இளங்குடும்பத்துக்கு எந்தக் காணி? இராணுவம் நிலத்தை விடுவித்தாலும் அவர்களுக்குத் திரும்பிப் போக இடமில்லை. அவர்களிடமிருந்து நிலத்தைப் பறித்தது யுத்தம் மட்டுமல்ல. யுத்தத்துக்கு முன்பே நாம் கொடுக்கவில்லை. கொழும்பை நோக்கி நீளும் நமது சுட்டுவிரல் நேர்மையானதாக இருக்க வேண்டுமாயின், காணி பகிர்வு பற்றி யாழ்ப்பாணத்தின் உள்ளேயும் பேசியாக வேண்டும்.

நமக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களைக் கேட்போம்.

'மக்களின் திறமையைப் பாராட்டுவது தவறா?' என்கின்றனர். தவறன்று. பாராட்டுக! மண்ணெண்ணெயில் காரை ஓட்டிய திருத்துநரின் பெயரைத் தொழில்நுட்பப் பாடத்தில் சேர்க்குக. முகட்டின் சரிவைக் கண்டறிந்த பெண்ணைக் கூலி கொடுத்து ஆலோசகராக அமர்த்துக. அவ்வாறு யாரும் செய்வதில்லை. சம்பளமும் வாகனமும் வல்லுநருக்கு. புகழ்மொழி மட்டும் மக்களுக்கு. கூலியில்லாத பாராட்டை உழைப்பாளி நன்கு அறிவான்.

'மழை அரசியலுக்காகக் காத்திராது. இன்றிரவு தறப்பாள் வேண்டும்' என்கின்றனர். உண்மை. இன்றிரவு தறப்பாள் கொடுக்காதவன் கொடியவன். ஆனால் தறப்பாளைக் கொடுக்கும் கை, 'இது எந்தத் தேதிவரை?' என்ற கேள்விக்கும் விடை கொடுக்க வேண்டும். முடிவுத் தேதி இல்லாத தறப்பாள் சிறைக் கூரை. ஒவ்வோர் ஆண்டும் அதை மாற்றித் தருவதைச் சேவை என்று கணக்கெழுதும் அலுவலகம், அந்தச் சிறையின் பராமரிப்பு அலுவலகமே.

'பழையதைக் கிளறுவானேன்? முகாம்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டனவே' என்கின்றனர். முகாம் மூடப்பட்டதும் பழக்கம் மூடப்படவில்லை. இன்றும் கண்டி வீதியில் இரவில் நின்று பாருங்கள். யாழ்ப்பாணத்தின் வெங்காயத்தையும் வாழைக்குலையையும் மீனையும் ஏற்றிக்கொண்டு கொழும்புவரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடும் லொறிகளின் சாரதியும் உதவியாளரும் எங்கே உறங்குகின்றனர்? இருக்கையின் மேல் சுருண்டும், சரக்கின் மேல் தறப்பாளுக்குக் கீழேயும் உறங்குகின்றனர். சரக்கு நனையாதிருக்கத் தறப்பாளை இழுத்துக் கட்டிவிட்டு, தாம் நனைகின்றனர். அவர்கள் குளித்து உறங்கி எழ வழிநெடுக ஓய்விடங்கள் அமைக்க வேண்டும் என்று எந்த மேடை முழங்குகிறது? 'எங்கள் பொடியன்கள் கெட்டிக்காரர். எப்படியும் சமாளிப்பார்கள்' என்பதே அங்கும் தத்துவம். சமாளிக்கத் தெரிந்தவன் என்று பெயரெடுத்தவனுக்கு இந்தச் சமுதாயம் எதையும் கொடுப்பதில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! நமது வகுப்பறைகளில் இடப்பெயர்வு பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். பிள்ளைகள் கண்ணீரை எழுதுகிறார்கள். மன உறுதியை எழுதுகிறார்கள். 'நாம் மீண்டெழுவோம்' என்று முடிக்கிறார்கள். நாமும் நல்ல புள்ளி இடுகிறோம். இனிமேல் அதனுடன் வேறு கேள்விகளையும் கேட்போம். உன் ஊரில் 1990-க்கு முன் காணி இல்லாதிருந்தோர் எத்தனை குடும்பம்? அவர்களில் இன்று உறுதி பெற்றோர் எத்தனை? முகாமிலிருந்து வந்தோர் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினர். எந்தக் கிணறு அவர்களுக்கு மறுக்கப்பட்டது? புத்தளத்திலிருந்து திரும்பி வந்த முஸ்லிம் குடும்பத்துக்குப் பிரதேச செயலகம் என்ன சொன்னது? இவற்றைத் தெருத்தெருவாகச் சென்று விசாரித்துக் குறித்துக்கொள்ளும் மாணவன் வரலாற்றையும் கற்பான், கணிதத்தையும் கற்பான். யாருடைய வீடு எவ்வாறு வண்டியாயிற்று என்பதையும் அறிவான்.

நமது கோரிக்கை எளியது. பறிக்கப்பட்ட நிலம் முழுவதும் உரியவரிடம் திரும்ப வேண்டும். நிலமே இல்லாதிருந்தவருக்கு, அவர் பெயரிலும் அவர் மனைவி பெயரிலும் உறுதியோடு நிலம் வேண்டும். துரத்தப்பட்ட முஸ்லிம் மக்களுக்கு அதே உரிமை, அதே முன்னுரிமை. தற்காலிகம் என்று எழுதப்படும் ஒவ்வோர் இருப்பிடத்துக்கும் பக்கத்தில் ஒரு முடிவுத் தேதி. அந்தத் தேதி தவறினால் பதில் சொல்ல ஒரு பொறுப்பாளர். லொறித் தொழிலாளிக்கு வழியில் ஓர் உலர்ந்த கட்டில்.

இவையெல்லாம் கிடைத்த பிறகு, நம் பிள்ளைகளும் ஒரு லொறியின் மேல் அறை கட்டிக்கொண்டு பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைவரை உல்லாசமாகப் போய்வரட்டும். வாடைக்காற்றில் கூரை எவ்வளவு தாங்கும் என்று விளையாட்டாகச் சோதித்துப் பார்க்கட்டும். வீட்டில் விளக்கேற்றி வைத்துவிட்டுப் போகிறவனுக்கே பயணம் இன்பமாகும். அதுவரை தறப்பாளுக்குத் தத்துவம் எழுதுவோரின் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, ஐப்பசி மழை இரவொன்றில் அந்த வாய்க்காலை வெட்டச் சொல்வோம்.